பைகளை எண்ணிய அப்பா

பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட வழியில் விட்டதில்லை. இதை ஒரு நாளைக்கு நான்கு பேரிடமாவது சொல்லிவிடுவார், கேட்க விரும்பாதவர்களிடம் இரண்டு தடவை சொல்வார். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. தலையை எண்ண மாட்டார். பிள்ளைகள் குனியும், சீட்டுக்கு அடியில் ஒளியும், ஒரே தலையை இரண்டு தடவை எண்ண வைக்கும். அதனால் பையை எண்ணுவார். ஏறியதும் எல்லாரும் பையைச் சீட்டுக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்துவிட வேண்டும். இருபத்திரண்டு பை இருந்தால் இருபத்திரண்டு பிள்ளை. பை வைத்த இடத்தில் சமர்த்தாக இருக்கும், பிள்ளை இருக்குமா?

அப்பேர்ப்பட்ட மனுஷன் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் பெரிய நகரத்துக்கு வந்திருந்தார். ஊர் சுற்றிப் பார்க்க என்றுதான் வீட்டில் சொன்னார். மனசுக்குள் இருந்தது வேறு. பெரியவளுக்குப் பதினேழு முடிகிறது. இந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது, சேருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். "நீங்க வேணாம்னு சொன்னா நம்ம ஊர்லயே படிச்சுக்கறேம்ப்பா" என்று அவள் பாதி மனசாகச் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல இவருக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் பிற்காலத்தில் பெண் குறை சொல்லுவாளே! கூட்டத்தையும் நெரிசலையும் நேரில் பார்த்தால் அவளே பயந்து பின்வாங்கிவிடுவாள் என்று திட்டம் போட்டார். பெற்ற பெண்ணைப் பயமுறுத்துவதற்கென்றே டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்த அப்பன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பயந்தது யார் தெரியுமா? இவர்தான். நகரும் படிக்கட்டில் காலை வைக்காமல் முழித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பெரியவள்தான் கையைப் பிடித்து, "இப்ப வைங்கப்பா" என்று ஏற்றிவிட்டாள். பதின்மூன்று வயதுச் சின்னவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேன்ல அதட்டுவியேப்பா, இங்க அதட்டேன் பாப்போம்!" என்று அப்பாவை ஓட்டித் தள்ளினாள். மெட்ரோ ரயில் வரைபடத்தைப் பெரியவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று அவள்தான் எல்லாருக்கும் வழி சொன்னாள். அவள் முகம் தெளியத் தெளிய இவர் போட்ட திட்டம் கரைந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது. நிலையத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். நால்வரும் ஆளுக்கொரு தோள்பை வைத்திருந்தார்கள். வண்டி வந்து கதவு திறந்ததும் அவருக்குள் இருந்த வேன்காரர் விழித்துக்கொண்டார். தன் தோளில் ஒன்று, மனைவி தோளில் ஒன்று, பெரியவள் கையில் இரண்டு. "நாலு! சரியா இருக்கு, ஏறு ஏறு!"

"அப்பா, இருங்க, அவ இன்னும்…"

"பேசாம ஏறு, கதவு மூடிரும்!" என்று பெரியவளைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, தானும் ஏறினார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்திருந்த சின்னவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

"ஐயோ, என் பொண்ணு!" என்று மனைவி கதவில் அறைந்தாள். போன் எங்கே? சின்னவளின் போன் அவள் பையில், பை பெரியவள் கையில். பத்தொன்பது வருடம் அவர் கட்டிக்காத்த பெயர் ஒரு நொடியில் போயிற்று, அதுவும் சொந்தப் பிள்ளையிடம். தப்பு தன்னுடையது என்று அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"அவ பையை நீ எதுக்குடி வாங்கின?"

"லேஸ் கட்டணும், புடின்னு குடுத்தாப்பா. நான் சொல்ல வந்தேன், நீங்கதான்…"

"அவளுக்குப் பதிலா உன்னை விட்டுட்டு வந்திருந்தா தேவலை!"

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பேச்சு பேசறீங்க?" என்று மனைவி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வாயிலிருந்து விழுந்ததை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ள முடியுமா என்ன? பாழாய்ப்போன நாக்கு!

பெரியவள் அவர் பக்கம் திரும்பவில்லை. கதவுக்கு மேலே இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி எதிர்வண்டி புடிக்கணும். அஞ்சு நிமிஷத்துல போயிரலாம்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். இறங்கியதும் ஓடிப்போய் ஒரு காவலாளியிடம் தங்கையின் சட்டை நிறம், உயரம் எல்லாம் சொல்லி முந்தின நிலையத்துக்குத் தகவல் சொல்லச் சொன்னாள். அப்பா அவள் பின்னாலேயே போனார்.

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தி துணைக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா கட்டிக்கொண்டு குலுங்கியதில் சின்னவளும் கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொலைஞ்சு போனா நின்ன எடத்தை விட்டு நகராதேன்னு அக்கா நேத்தே சொல்லி வெச்சா" என்றாள். உடனே வாலும் முளைத்துவிட்டது. "என்னப்பா, பத்தொம்பது வருஷ சர்வீஸ் அவ்வளவுதானா?"

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. சின்னவள் அக்கா பக்கம் சாய்ந்து கேட்டாள். "அப்பா உன்னைத் திட்டினாரா?"

"சேச்சே, திட்ட ஏது நேரம்? உன்னைக் காணோம்னு அப்படி அழுதாரு."

அவர் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டிருக்கவில்லை. பெண் தன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று புரிந்தபோதுதான் கண் நிறைந்தது. கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் வாங்கிவரப் பெரியவள் எழுந்ததும் அவரும் கூடவே போனார். திரும்பும்போது நின்றுவிட்டார்.

"ரயில்ல நான் சொன்னது… அப்பனா அது பேசற பேச்சு? என்னை மன்னிச்சிரும்மா."

"பரவால்லப்பா. பயத்துல சொல்லிட்டீங்க, தெரியும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரெண்டடி நடந்துவிட்டு, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "அப்பா, நான் இங்கயே சேந்துக்கறேன். திங்கக்கிழமை வரைக்கும் யோசிக்க வேணாம்."

பாதி மனசு எந்தப் பக்கம் முழுசாயிற்று என்று அவருக்கு விளங்கியது. ஹாஸ்டல் சரிப்படாது, தூரம், உடம்புக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள் என்று வாரக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த காரணங்கள் எல்லாம் நெஞ்சில் இருந்தன. ஒன்றைச் சொல்லவும் அவருக்கு யோக்கியதை இல்லை. "சரிம்மா" என்றார்.

ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் மனைவி மெதுவாகக் கேட்டாள். "பெரியவ இங்கயே சேரறாளாமே. நீங்க எதுவும் சொல்லலையா?"

எதிர் சீட்டில் பெரியவள் தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள்.

"நான் சொல்ல வேண்டியதை மத்தியானமே சொல்லிட்டேனே" என்றார் அவர்.