மீதி ஆறு வோல்ட்

ஆதிநாராயணனின் டிராக்டரில் மீதியான ஆறு வோல்ட் முதன்முதலில் போய்ச் சேர்ந்த இடம் அவர் சம்சாரம் பெரியம்மாளின் இடது முழங்கால். 2018ஆம் வருஷம், ஆடி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். ஒன்பது வருஷமாக ஒருத்தர் கை கொடுத்துத் தூக்கிவிடாமல் தரையை விட்டு எழாத அந்த அம்மாள், அன்றைக்குத் தானாக எழுந்து, பொங்கி வழிய இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு, எழுந்ததையே மறந்து மறுபடி உட்கார்ந்தாள். திரும்பவும் எழுந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. அந்த வாரம் விருத்தாசலம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் கிலோ நாற்பது. இரண்டு சேதியையும் தெரு ஒரே மூச்சில் பேசி முடித்தது.

அந்த டிராக்டர் சீமையிலிருந்து வந்தது. 1951ல் செய்தது. முகப்பில் இருந்த கம்பெனிப் பெயர் ஆதிநாராயணனின் அப்பா காலத்திலேயே துருப்பிடித்து உதிர்ந்துபோனதால் அது என்ன வண்டி என்று கேட்டால் “எங்க வண்டி” என்பார், அதற்கு மேல் சொல்ல மாட்டார். பெட்ரோலில் ஓடுகிற ரகம். ஆறு வோல்ட் பேட்டரி. அதிலும் இன்றைக்கு இருக்கிற வண்டிகளுக்கு நேர் எதிராக, பிளஸ்ஸை பாடியில் கட்டியிருப்பான் வெள்ளைக்காரன். அறுபது வருஷம் போனதும் அந்த ஆறு வோல்ட்டுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் கிழவன் செருமுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு ஆள் வைத்துத் தள்ள வேண்டும். பக்கத்து வூட்டில் இருக்கிற தம்பி தேவநாதனும் அவன் மகன்கள் இரண்டு பேரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளுவார்கள். வண்டி கிளம்பியதும் மூன்று பேருக்கும் டீ. ஏழு வருஷம் இப்படி நடந்தது.

ஆதிநாராயணனுக்கு யாரிடமும் போய் நிற்பது பிடிக்காது. காரணம், அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் வாங்கின அரிசியை வூட்டில் கல் வைத்து மறுபடி நிறுப்பார். ஆஸ்பத்திரியில் ஜுரம் பார்த்தால் கண்ணாடிக் குச்சியைப் பிடுங்கித் தானே பார்ப்பார், பார்த்தாலும் புரியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்படிப்பட்ட மனுஷன் காலையில் எழுந்ததும் தம்பி வாசலில் போய் “தேவா, கொஞ்சம் வாடா” என்று நிற்க வேண்டியிருந்தது. அது தினமும் கல்லைக் கடிக்கிற மாதிரி.

2018 வைகாசியில் ஒருநாள் டீக் குடித்துக்கொண்டே தேவநாதன் சொன்னான்: “ஊருல அவனவன் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறான். எங்கண்ணன் மட்டும் டீ ஊத்துறாரு.” மகன்கள் சிரித்தார்கள். தெருவில் போன இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆதிநாராயணன் தன் டம்ளரில் இருந்த டீயை மண்ணில் கொட்டினார். அன்றோடு தம்பியுடன் பேச்சு நின்றது, டிராக்டரும் நின்றது. வூட்டுக்குப் பின்னால் மூன்று காணி கொல்லை மல்லாட்டைக்கு, அதான் நிலக்கடலைக்கு, உழாமல் கிடந்தது. இனிமேல் இந்த வண்டியை ஒருத்தன் கை படாமல் கிளப்புவேன், இல்லை என்றால் கொல்லை கரம்பாகவே கிடக்கட்டும் என்று பெரியம்மாளிடம் சொல்லிவிட்டார். கிடந்தால் அந்த வருஷம் சாப்பாடு எதிலிருந்து என்று அவள் கேட்டாள்.

மங்கலம்பேட்டையில் ஜபருல்லா என்று ஒரு எலக்ட்ரீசியன். சார்ஜாவில் பதினேழு வருஷம் கார்களுக்கு ஒயரிங் பார்த்துவிட்டு வந்தவர். வண்டியை வந்து பார்த்து, பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். டைனமோவைக் கழற்றிவிட்டு ஒரு பழைய காரின் ஆல்டர்னேட்டர், புதுப் பேட்டரி, பாடிக்கு மைனஸ், விளக்குக்கு வேறு பல்பு. செல்ஃப் மோட்டார் பழையதே தாங்கும், முன்னைவிட வேகமாகவே சுற்றும். பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற காயில் மட்டும் ஆறு வோல்ட்டுக்குச் செய்தது. அதற்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து ஆறைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும், நேராகக் கொடுத்தால் கருகிவிடும். வேறு காயிலுக்கு எங்கே போவது?

ஆதிநாராயணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

“பன்னெண்டு வருது. காயிலு ஆறு எடுத்துக்குது. மீதி ஆறு எங்க போவுது பாய்?”

“அது சூடாப் போயிடும் பெரியவரே.”

“சூடா எங்க போவும்?”

“காத்துல போவும். எங்க போனா உங்களுக்கு என்னா?”

“எம் பேட்டரி. எம் பெட்ரோலு. பாதிய எவனோ எடுத்துக்கினு போவான், எனக்கு என்னான்ற?”

ஜபருல்லா டூல்ஸ் பையை மூடினார். ஆனால் ஆதிநாராயணனை அந்த மீதி ஆறு தூங்க விடவில்லை. மறுநாளே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்து போனார். அங்கே ஏமாந்தவன், பறிகொடுத்தவன் எல்லாரும் சாமிக்கு மனு எழுதிக் கட்டுவது வழக்கம், பிராது என்பார்கள். மாடு காணாமல் போனவனும் நிலத்தைப் பறிகொடுத்தவனும் கட்டின வேலில் ஆதிநாராயணனும் தன் கையெழுத்தில் ஒன்று கட்டினார்: பன்னிரண்டு கொடுத்தால் ஆறுதான் போய்ச் சேருமாம், மீதியை எடுக்கிறவன் யார் என்று சாமி விசாரிக்கவும்.

சாமி விசாரிக்கட்டும், நாம் ஒரு பூட்டுப் போட்டுவைப்போம் என்பது அவர் யோசனை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் பிரஸ்ஸில் நின்று பீங்கான் பியூஸ் கட்டை அடித்தவர் அவர். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு விஷயம், பீங்கான் கரண்ட்டை விடாது. விடாது என்றால் உள்ளே இருப்பதையும் விடாதுதானே? அதனால் கடையில் விற்கிற தடுப்பை வாங்காமல், பழைய ஹீட்டர் கம்பியைச் சுருட்டிப் பீங்கானுக்குள் வைத்துத் தானே செய்தார். கையில் கிடைத்த அச்சு ஒரு பொம்மைக் குதிரையுடையது. ஒரு சாண் உயரம், உள்ளே கூடு, வாயில் ஒரு கம்பி முனை, வாலில் ஒரு கம்பி முனை, அடிவயிற்றில் ஒரு ஓட்டை. சூளையில் அடுக்குகிற கயல்விழி, அவர் கூட வேலை பார்த்தவரின் மகள், வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னா பெரியப்பா, குதிரைக்குக் குடலு வச்சிருக்கிறியா?”

“ஓட்டைய அடைச்சிட்டு வேக வையி.”

“அடைச்சா சூளையிலயே வெடிக்கும். முப்பது வருசம் என்னாதான் பண்ண அங்க? வெந்தப்புறமும் அடைக்காத, சூடு வெளிய போவணும்.”

வெளியே போகக் கூடாது என்பதற்குத்தானே இவ்வளவும். வெந்து வந்ததும் வூட்டில் வைத்துச் சூளைச் சிமெண்ட்டால் அந்த ஓட்டையை அடைத்தார். பொம்மை செய்கிற எவனும் செய்யாத காரியம்.

ஜபருல்லா தலையில் அடித்துக்கொண்டுதான் குதிரையை காயில் பக்கத்தில் பொருத்தினார். மீட்டரை வைத்தார். காயிலில் ஆறு, குதிரையில் ஆறு. “இங்க இருக்குது பாரு! காத்துல போவுதுன்னியே பாய்” என்றார் ஆதிநாராயணன். ஆடி மூன்றாவது வெள்ளி காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எப்படியும் கூப்பிடுவார் என்று தேவநாதனும் மகன்களும் கைலியை மடித்துக் கட்டி, தள்ளுவதற்குக் கையை நீட்டியபடி அவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். இவர் பட்டனைத் தொட்டார். தொட்ட விரலை எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அறுபத்தேழு வருஷத்து இரும்பு காளைக்கன்று மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று காணியையும் அன்றே உழுதார், தேவை இல்லாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினார்.

திருட்டு பயத்தில் சாயங்காலம் குதிரையை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி வூட்டுக்குள் கொண்டுவந்தார். இளஞ்சூடாக இருந்தது. பெரியம்மாள் ஒத்தடத்துக்கு ஆகும் என்று அதை இடது முழங்காலில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு நடந்ததுதான் முதலிலேயே சொன்னது.

அப்புறம் குதிரை ஊருக்குள் போக ஆரம்பித்தது. எஸ்டேட் வாட்ச்மேனின் வலது கண், முட்டையிடாமல் நின்ற மூன்று கோழி, பட்டுப்போன ஒரு முருங்கை. ஒரு பகல் உழுத ஆறு வோல்ட் ஒரு ஆளுக்குச் சரியாக இருந்தது. குதிரை எந்த வூட்டுக்குப் போனாலும் ஆதிநாராயணனும் கூடவே போய், வேலை முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து கையோடு எடுத்து வருவார். ஏழு வருஷமாக வாய் பேசாமல் கிடந்த கயல்விழியின் மாமியார் பேச ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் கயல்விழி வந்து, குடுத்ததைத் திருப்பி எடுக்க முடியுமா பெரியப்பா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லியனுப்பினார்.

பக்கத்து வூட்டுக்கு மட்டும் குதிரை போகவில்லை. தேவநாதனின் மகன்களில் ஒருத்தன் சிங்கப்பூர், ஒருத்தன் திருப்பூர் என்று போய்விட்டார்கள். 2022 ஐப்பசியில் தேவநாதனுக்கு இடது கையும் இடது காலும் விழுந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். பெரியம்மாள் ஒருநாள் புருஷனுக்குத் தெரியாமல் குதிரையைக் கொண்டுபோனாள். “அவரு வந்து குடுக்கட்டும் அண்ணி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். புருஷனிடம் சொன்னபோது, “அவன் வந்து கேக்கட்டும்” என்றார். எழுந்து வர முடியாதவன் எப்படி வந்து கேட்பான் என்று அவள் இரண்டு பேரையும் திட்டினாள். இரண்டு வூட்டுச் சுவருக்கும் நடுவே ஒன்பதடி.

2023 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஈரம் இரண்டு நாள் தாங்கும், அதற்குள் விதை உள்ளே போக வேண்டும். புதன்கிழமை காலை ஏழெட்டுப் பெண்கள் மல்லாட்டை விதைக் கூடையோடு கொல்லையில் நிற்க, ஆதிநாராயணன் மூன்றாவது சால் திரும்பும்போது குதிரை வெடித்தது. அடைத்த ஓட்டைக்கு ஐந்து வருஷம் கழித்துக் கணக்குத் தீர்ந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறியதில் கூடைக்குள் இருந்த விதை அத்தனையும் ஒரு முறை குதித்து அடங்கியது. கம்பிச் சுருள் மண்ணில் துண்டு துண்டாகக் கிடந்தது. வண்டி நின்றுவிட்டது. ஜபருல்லாவுக்கு போன் போட்டால், கடைத் தடுப்பு சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும், நேராகக் குடுத்தால் காயில் செத்துரும் பெரியவரே என்றார். புதுக் குதிரை காய்ந்து வேக பத்து நாள். வாடகை டிராக்டர் அத்தனையும் அந்த ஈரத்துக்காக அவனவன் கொல்லையில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆதிநாராயணன் வரப்பில் நின்று பல்லைக் கடித்தார். பிறகு நடந்துபோய்த் தம்பி கட்டில் பக்கத்தில் நின்றார். கொல்லையிலிருந்து பின்னாலேயே வந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“தேவா.”

“ம்.”

“கொஞ்சம் வாடா.”

தேவநாதன் மேலே கூரையைப் பார்த்தான். “தள்ளணுமாண்ணா? கை வராதே.”

“தள்ள வேணாம். புடிச்சா போதும்.”

ஆளுக்கு ஒரு தோளாக ஆதிநாராயணனும் பெரியம்மாளும் தூக்கி வந்து அவனை மட்கார்டில் உட்காரவைத்தார்கள். குதிரை வாயில் இருந்த ஒயரை வலது கையில் கொடுத்தார்கள். வாலில் இருந்த ஒயரைப் பிடிக்க இடது கை மூடவில்லை. பெரியம்மாள் விரல் ஒவ்வொன்றாக மடக்கி மேலே துண்டால் கட்டினாள். ஆதிநாராயணன் பட்டனைத் தொட்டார். வண்டி கிளம்பியது.

“சூடா இருக்குதுண்ணா.”

“எங்கடா?”

“தோள்ல. இப்ப முட்டிக்கு வருது.”

“ஒயர விட்றாத.”

நாலாவது சாலில் துண்டு தானாக அவிழ்ந்து விழுந்தது, கை விடவில்லை. பொழுது சாய்வதற்குள் மூன்று காணிக்கும் விதை உள்ளே போய்விட்டது. தேவநாதன் மட்கார்டிலிருந்து தானே இறங்கி, காலை ஒரு உதறு உதறி, வரப்பு மேல் நடந்து பார்த்தான். பெண்கள் காலிக் கூடைகளைத் தட்டிக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். இது அவர்களுக்கு முன்னமே தெரிந்தது போலத்தான் இருந்தது.

பெரியம்மாள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். “பேட்டரிக்கு டீ ஊத்துண்ணா” என்றான் தேவநாதன்.

“நீ பேட்டரி இல்லடா” என்றார் ஆதிநாராயணன். “நீ மீதி.” சொல்லிவிட்டு, தன் டம்ளரில் இருந்ததையும் அவன் டம்ளரில் ஊற்றினார்.

மறுவாரம் ஜபருல்லா வந்து மீட்டர் வைத்தார். காயிலில் ஆறு, தேவநாதனில் ஆறு. மீட்டரைத் தட்டிவிட்டு இன்னொரு முறை வைத்தார், அதேதான். சென்னையிலிருந்து வந்திருந்த தடுப்பைப் பையை விட்டு எடுக்காமலே திருப்பிக் கொண்டுபோனார். ஆதிநாராயணன் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினார். எடுத்தவன் கிடைத்தானா என்று அங்கிருந்தவர் கேட்டார். “எவனும் எடுக்கல. எந்தம்பிகிட்டதான் இருக்குது” என்றார், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி.

இப்போது அந்த டிராக்டர் அண்ணனும் தம்பியும் இல்லாமல் கிளம்பாது. ஒருத்தர் பட்டனைத் தொட, ஒருத்தர் மட்கார்டில் இரண்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போகிறார்கள். போன வருஷம் திருப்பூர் மகனுக்குப் பெண் பார்த்து முடிந்து, நிச்சயத்தை ஆடிப் பதினெட்டன்றே வைக்கலாமா, ஆவணிக்குத் தள்ளலாமா என்று சம்பந்தி வூட்டார் கேட்டார்கள். ஆடியில் மழை பெய்தால் மாப்பிள்ளையின் அப்பா வண்டியில் இருப்பார் என்று பெரியம்மாள் சொன்னாள். பெண் வூட்டார் ஏன் என்று கேட்கவில்லை. சரி, ஆவணி என்று எழுதிக்கொண்டார்கள்.