நாலாவது சரணம்

இஷ்பெல் பழைய புத்தகக் கடையில் முட்டிபோட்டு அடித்தட்டைக் குடைந்துகொண்டிருந்தாள். மதியம் அப்பாவின் அடக்கம். பனி தள்ளும் லாரி ஓட்டிய லாக்லன், தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தேவாலயத்தில் தன் பாட்டைப் பாட வேண்டும். ஆர்கன் வாசிக்கும் கில்கிறிஸ்டோ, ஸ்வரம் எழுதிய தாள் இல்லாமல் விரலே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் தன் பெயரைக்கூடத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஸ்காட்லாந்துப் பாட்டுப் புத்தகத்துக்கா பஞ்சம்? ஒன்றில் வெறும் வரிகள், ஸ்வரம் கிடையாது. இன்னொன்றில் ஸ்வரம் இருந்தது, மனிதத் தொண்டைக்கு எட்டாத உச்சத்தில். மூன்றாவது முழுக்க ஏரியும் மலையுமாகப் படங்கள், சுற்றுலாக்காரர்களுக்கு. கடைசியில் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் அகப்பட்டது, நீலத் துணி அட்டை போட்ட ஒன்று. வரிக்கு மேலே ஸ்வரம், வாய்க்கு வசதியான சுருதி, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாத தையல். அப்பாவின் பாட்டும் இருந்தது. மழையில் நனைந்த மேய்ப்பன் ஒருவன் மாவு மில் நடத்தும் விதவையின் கதவைத் தட்டும் பாட்டு. இஷ்பெல்லுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

எந்தக் கல்யாணத்திலும் அப்பா அதைப் பாடுவார். கதவு திறக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, விஸ்கியை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பார். மிச்சம் மறந்துவிட்டது என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

"அப்பாவுக்கு மூணு சரணம்தான் தெரியும். இதுல ஏழும் இருக்கு" என்று அண்ணன் ஸ்ட்ரூவனிடம் போனில் பெருமையடித்தாள். ஏழு சரணத்தையும் சபைக்கெல்லாம் சேர்த்து நகலெடுத்தாள். படித்துப் பார்க்கத்தான் நேரமில்லை.

தேவாலயம் நிறைந்திருந்தது. முதல் மூன்று சரணமும் கம்பீரமாகப் போயின. நாலாவதில் அந்த விதவை, மேய்ப்பனின் நனைந்த உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுப்போரம் காயப்போட்டாள். இஷ்பெல்லுக்குக் காது மடல் சுட்டது. யாராவது நிறுத்துவார்கள் என்று பார்த்தாள். நிறுத்துவார்களா? இந்தச் சபையில் தாளில் இருப்பதைக் கடைசி வரி வரை பாடாமல் ஒருவரும் உட்காரமாட்டார்கள். ஞானப்பாட்டு பாடும் அதே முகத்தோடு ஐந்தாவதற்குள் நுழைந்தார்கள். அங்கே கட்டில் வந்தது. போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடிப்பாவி, நீ படிச்சே பாக்கலியா?" என்றான் ஸ்ட்ரூவன். அவன் தோள் குலுங்கியது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது. அப்பாவோடு லாரி ஓட்டிய தடித்தடி ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆறாவதைப் பாட ஆளில்லை.

ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை.

அம்மா எஃபி. ஞாயிறு தவறாமல் வந்து வாயை மட்டும் அசைக்கிற எஃபி. அவள் தாள் இருக்கையில் மடித்தபடி கிடந்தது. சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் தடுக்காமல், ஆறையும் ஏழையும் பாடி முடித்தாள்.

இஷ்பெல் மெதுவாகக் கேட்டாள்: "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மிச்சத்த வீட்டுக்கு வந்து பாடுவாரு."

சொல்லிவிட்டு எஃபி கையுறையை மாட்டத் தொடங்கினாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. இடதுகைக் கையுறையை வலதுகையில் நுழைத்துக்கொண்டிருந்தாள்.