நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

"உள்ள கொண்டாங்க" என்று அன்னக்கொடி மூன்றாவது முறையாகச் சொன்னாள். ஜீப்பின் பின்பலகையில் கிடந்த புருஷனின் கால் இரண்டையும் அவளே பிடித்திருந்தாள். தலைமாட்டில் தாங்கியிருந்த டிரைவர் பால்சாமி ஓர் அடி எடுத்து வைத்தான். வாசலில் நின்ற பெரியகருப்பனின் முகத்தைப் பார்த்ததும் அந்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

"கட்டில வெளிய போடுங்கப்பா. தெருவுலயே பந்தல் போட்டுக்கிருவோம்" என்றார் பெரியகருப்பன். செத்துப்போன சுருளிவேலுக்கு அவர் உடன்பிறந்த அண்ணன்.

"ஏன் மச்சான்? வீடு வாசல் இல்லாத ஆளா அவரு?"

"வெளிய போன உசுரு ஆத்தா. ஊர் எல்லைக்குள்ள வந்து மூச்சு நின்னிருந்தா வேற. இது நிலைப்படி தாண்டக் கூடாது. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். போன வருஷம் லாரி கவிழ்ந்து செத்த பேச்சியின் புருஷனைத் தெருவில் கிடத்தியபோது, மண்ணில் புரண்டு அழுதவளைத் தூக்கி உட்கார வைத்து இதே பேச்சைச் சொன்னவள் அன்னக்கொடிதான். ஊரார் வீட்டுக்குச் சொல்லும்போது வாய்க்கு எவ்வளவு லேசாக இருந்தது!

கட்டில் தெருவில் விழுந்தது. சுருளிவேல் அதில் மலையைப் பார்த்தபடி கிடத்தப்பட்டார். கிடத்தியவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை, தெற்கே தலை வைக்க வேண்டும் என்று திருப்பினார்கள். அது இப்படி வந்து முடிந்தது. அன்னக்கொடிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தும் அந்தக் கரட்டைத்தான் பார்க்க வேண்டுமா இந்த மனுசன்?

இருபத்தெட்டு வருஷம். விடிந்தும் விடியாமலும் மூங்கில் முக்காலியையும் காடாத்துணி அடித்த சட்டத்தையும் தோளில் போட்டுக்கொண்டு மலை உச்சி மெட்டுக்குப் போகிற முதல் ஜீப்பில் ஏறிவிடுவார். நாலாவது வளைவில் இறங்குவார். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் மேலே போய்ப் பச்சைக்குள் நுழைவார்கள். இவர் பச்சைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்து கிடக்கிற கிழக்குச் சரிவைப் பார்த்து உட்காருவார். பாறை, கருகிய போதைப்புல், கள்ளி, மறுபடியும் பாறை. இதைத்தான் வரைந்தார். ஒரு தோட்டத்து முதலாளி பங்களாவில் மாட்டுவதற்கு அருவியும் ஏலச்செடியுமாக ஒரு படம் கேட்டு ஆள் அனுப்பியபோது முடியாது என்றுவிட்டார்.

"மலைக்கு அந்தப் பக்கத்த எல்லாருந்தான் பாக்குறாங்க. இந்தப் பக்கம் வேகுதே, அத யாரு பாக்குறது?" என்று அன்றைக்குச் சொன்னார். அன்னக்கொடி, "இந்தப் பக்கம் நானும்தான் வேகுறேன்" என்றாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்காது. சண்டைக்கு ஆள் நிற்க வேண்டாமா?

நேற்றும் சண்டைதான். இரண்டு நாளாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். "இன்னைக்கு ஒரு நா வீட்டுல கெடங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "சித்திரையில வெயிலு இப்படி விழுகுறது நாலு நாளுதான் அன்னம்" என்றார். இன்று காலையில் அவள் எழுவதற்குள் போய்விட்டார். தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டுக் காலி ஜீப்போடு திரும்பிய பால்சாமிதான், முக்காலிக்கு முன்னால் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்திருக்கிறான்.

பார்த்தவன் கொண்டு வந்தான், நல்லது. கொண்டு வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, "மேலயே முடிஞ்சிருச்சுங்க, நான் பாக்கையிலேயே ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு" என்று கேட்டவன் கேட்காதவன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான்.

அன்னக்கொடி அவன் கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வண்டிக்கு ஆரு பேரு எழுதுனது?"

"அண்ணேன்தான்க்கா." பால்சாமியின் கண் கலங்கியது.

"அப்ப அவருக்காக ஒண்ணே ஒண்ணு செய்யி. வண்டியில ஏத்துறப்ப உசுரு இருந்துச்சுன்னு சொல்லு. வழியில வச்சுத்தான் போச்சுன்னு சொல்லு."

"சொன்னதுக்கு மாத்தியா?"

"பதட்டத்துல மறந்துட்டேன்னு சொல்லு. வெரசாப் போ. பந்தக்காலு ஊண்டிட்டாங்கன்னா அப்புறம் ஆரு கேப்பா?"

பால்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். அன்னக்கொடி இரண்டடி பின்னால் நின்றாள். ஒரு மணி நேரம் போதும். நடுவீட்டில் பாயை விரித்து, அவரைக் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை திட்டிவிட்டு அனுப்பிவிடலாம். வேறு என்ன கேட்டுவிட்டாள்?

"பெரியவரே, இப்பத்தான் நெனப்பு வருது. அண்ணேனுக்கு உசுரு இருந்துச்சு. தண்ணி கூடக் கேட்டாரு."

பெரியகருப்பன் நிமிர்ந்து பார்த்தார். "குடுத்தியா?"

"குடுத்தேன். வண்டிய நிப்பாட்டிக் குடுத்தேன். ரெண்டு மடக்குக் குடிச்சாரு. அங்கனதான் தலை சாஞ்சிருச்சு."

"எங்கன?"

"முந்தல்ல" என்றான் பால்சாமி. "செக்போஸ்ட்டுக்கிட்ட."

கூட்டத்தில் ஒருவர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். முந்தல் மலையடிவாரத்தில் இருக்கிறது. இந்த ஊருக்கு, போடி எல்லைக்கு, அங்கிருந்து இன்னும் எத்தனையோ தோப்பு தாண்டி வர வேண்டும். கிடக்கிறது கிடக்க, ஒரு பொய்யைச் சொல்ல வந்தவன் அதை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு வந்து ஊருக்குள் நிறுத்தியிருக்கக் கூடாதா? மலை வளைவெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவன்!

பெரியகருப்பன் கோபப்படவில்லை. "சரிப்பா, போயி ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தாலாவது அன்னக்கொடி எதிர்த்துப் பேசியிருப்பாள்.

பந்தல் கால் ஊன்றினார்கள். அப்போதுதான் பால்சாமி ஜீப்பின் முன் சீட்டிலிருந்து அந்தச் சட்டத்தை இறக்கினான். இடிபடாமல் துண்டு வைத்துக் கட்டிக் கொண்டு வந்திருந்தான். பெயிண்டு இன்னும் காயவில்லை. அதே சரிவு, அதே பாறை. மேல்பாதி முடிந்திருந்தது, கீழே வெறும் துணி.

"ஈரமா இருக்கு, தெருவுல வச்சா புழுதி ஒட்டிக்கிரும். உள்ள கொண்டு போயி வையி" என்றார் பெரியகருப்பன்.

பால்சாமி படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனான். யாரும் தடுக்கவில்லை.

"படம் போகலாம், ஆளு போகக் கூடாதா?" அன்னக்கொடி கத்தினாள். "அதுவும் அவரு கூடத்தானே வெளிய கெடந்துச்சு? இது என்னா நாயம் மச்சான்?"

பெரியகருப்பன் வாசலுக்குக் குறுக்கே வந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனால் அவர் வழியை விடவில்லை.

குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. நான்கு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். ராசிங்காபுரத்திலிருந்து அலறிக்கொண்டு வந்து இறங்கிய மகள் வீரலட்சுமி, அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எம்மா, கையெல்லாம் பெயிண்டும்மா. தண்ணிக்குப் போக மாட்டேங்குது."

அன்னக்கொடி எழுந்து உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் மண்ணெண்ணெய்த் துணி தொங்கியது. பாட்டில் கீழே இருந்தது. வீரலட்சுமி பிறந்த வருஷம், பொங்கலுக்கு வெள்ளையடித்த மறுநாளே அவர் சுவரில் கையை ஊன்றிச் செருப்பைக் கழற்ற, ஐந்து விரலும் பதிந்துபோனது. மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அன்றிலிருந்து அது அவள் போட்ட சட்டம். மலையிலிருந்து வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். "கையக் காட்டுங்க" என்பாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டுவார். அவள் துடைத்து, மோந்து பார்த்து, சரி என்று தலையாட்டின பிறகுதான் உள்ளே விடுவாள். சில நாள் அடுப்பில் வேலை இருக்கும். அவர் அரை மணி நேரம்கூட அங்கேயே நின்றிருக்கிறார்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது கையைத் துடைத்தாள். நகக்கண் வரைக்கும் துடைத்தாள். வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். விரித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் காவி கலந்த மஞ்சள். விழும்போது வண்ணப் பலகையில் ஊன்றியிருக்க வேண்டும். துணியை ஒரு முறை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள். பிறகு கீழே போட்டுவிட்டு, தன் வலது கையை அந்தக் கையோடு சேர்த்து வைத்து, விரலுக்கு விரல் அழுத்தினாள்.

"தொடைக்கலையாம்மா?"

"போதும். இருக்கட்டும்."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் தூக்கிவிட்டார்கள். கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்பியது. பெண்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். குளிப்பதற்காக ஒவ்வொருத்தியாகக் கிணற்றடிக்குப் போனார்கள்.

"எம்மா, வா. தலைக்குத் தண்ணி ஊத்தணும்ல" என்று வீரலட்சுமி கூப்பிட்டாள்.

அன்னக்கொடி வலது கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நிலைப்படியைத் தாண்டினாள். நடுவீட்டில் பால்சாமி சாத்தி வைத்த படம் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. தை மாதம் அவளே வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எம்மா, செவுரு!" என்றாள் பின்னாலேயே வந்த மகள்.

அன்னக்கொடி கையை எடுத்துப் பார்த்தாள். நான்கு விரல் பதிந்திருந்தது. பெருவிரல் சரியாக விழவில்லை. அதே இடத்தில் கையை மறுபடியும் வைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.