அரைச் சுற்று

கேலப் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து பெர்னாட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் எதற்கு வருகிறான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவைப் பார்க்க வரவில்லை. அப்பாவிடம் இருக்கிற ஜாக்கிக்கும், ஸ்பானர் பெட்டிக்கும், காரைத் தூக்கி நிறுத்தத் தோதான சிமெண்டு வாசலுக்கும்தான் வருகிறான். அதைத் தெரிந்துகொண்டே ஒரு மனிதர் காலையில் சுங்கை செம்பிலாங் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய், படகு கரைக்கு வரும்வரை நின்று நண்டு வாங்கி வருகிறார் என்றால் அவரை என்ன சொல்வது?

நண்டைச் சமைத்ததும் அவரேதான். மனைவி இசபெல், பேத்தி அபிகெயில் பிறந்த நாளிலிருந்து புக்கிட் செந்தோசாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் போனாள். அந்தப் பிள்ளை இப்போது பையைத் தூக்கிக்கொண்டு தாடிக்கா பாலர்பள்ளிக்குப் போய் பாட்டுப் படிக்கிறது. நீங்களும் வந்துவிடுங்கள் என்று கேலப் ஒரு தடவை சொன்னான். உடனே சரி என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று பெர்னாட் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டார். இரண்டாவது தடவை கேட்பான் என்று காத்திருந்தார். அவன் கேட்கவே இல்லை.

அதனால் ஜெராமுக்கு வெளியே, அவர் வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்தை விற்றபோது பழைய ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில் அவர் ஒண்டியாகக் கிடந்தார். அவர்கள் வராததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். பெஸ்தாரி ஜெயா பாதையில் வளைவு அதிகம், கேலப்பின் பழைய மைவி கார் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, பிள்ளை வாந்தி எடுக்கிறது. வாந்தி எடுக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று எந்தத் தாத்தா சொல்வார்? அவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

இப்போது கேலப் அதற்குத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வண்டி சாயாமல் பிடிக்கிற இரும்புக் கம்பி ஒன்று, சுவே பார் என்று பெயர். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் அடியில் மாட்டுவது. அவன் வண்டியோடு அது வரவில்லை, போனில் பார்த்துத் தனியாக வாங்கியிருந்தான். அவன் இருக்கிற அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்தில் ரிப்பேர் வேலை பார்த்தால் காவல்காரன் வந்து விரட்டுவான். அதனால்தான் அப்பா வீட்டு வாசல். போனில் இதையெல்லாம் கேட்டதும் பெர்னாட் கண்டபடி கணக்குப் போட்டுவிட்டார். கம்பி மாட்டினால் வண்டி சாயாது, சாயாவிட்டால் பிள்ளைக்கு வாந்தி வராது, வாந்தி வராவிட்டால் எல்லாரும் இங்கே வருவார்கள். நண்டு வாங்கியது அந்தக் கணக்கில்தான்.

கேலப் தனியாகத்தான் வந்தான். பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி, அம்மா அங்கே கூட இருக்கிறார்கள் என்றான். பெட்டியைப் பிரித்துக் காட்டினான். சிவப்பு பெயிண்ட் அடித்த கம்பி, தடிமனாக, கைக்குக் கனமாக இருந்தது. இரண்டு முனையிலும் பட்டை, ரப்பர், நட்டு.

பெர்னாட் தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிட்டராக இருந்தவர். பழம் ஏற்றுகிற லோரியும் டிராக்டரும் அவர் கை படாமல் பட்டறையை விட்டுப் போனதில்லை. அவர் இறுக்கிய நட்டைக் கழற்ற ஸ்பானரில் பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்க வேண்டும் என்று மற்றவர்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டு அவருக்குச் சர்க்கரையாக இனிக்கும்.

காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்தார்கள். இரண்டு பேரும் பழைய பாயை விரித்து அடியில் படுத்தார்கள். தோளோடு தோள் இடித்தது. மகன் இவ்வளவு பக்கத்தில் கிடந்து எத்தனை காலம் ஆயிற்று என்று பெர்னாட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேலப் கம்பியைத் தாங்கிப் பிடிக்க, அவர் ஓட்டை பார்த்து போல்ட்டை நுழைத்தார். ரப்பருக்குக் கிரீஸ் தடவச் சொன்னார். இப்போதைக்கு லேசாக மட்டும் முடுக்கு, கடைசி இறுக்கு வண்டி தன் கனத்தில் தரையில் நிற்கும்போதுதான், தொங்குகிற வண்டியில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும் என்றார். கேலப் தலையாட்டினான். வேலை சுகமாகப் போனது.

அந்த சுகத்தில்தான் அவர் வாயைத் திறந்தார். இனிமேல் இந்தப் பாதை உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது, மாதம் ஒரு தடவையாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்.

"இந்த ரோட்டுக்கா?" என்றான் கேலப், கிரீஸ் கையை மணிக்கட்டால் தேய்த்துக்கொண்டே. "இது கேமரன் மலைக்குப்பா. என் மாமியார் வீடு தானா ராத்தாலதானே. மாசாமாசம் ஏறுறோம். தாப்பாவுலருந்து மேல போறதுக்குள்ள பாப்பா ரெண்டு பிளாஸ்டிக் பை முடிச்சிருது. அம்மாவுக்கும் தல சுத்துது."

அம்மாவுக்கும் என்றால் இசபெலும் போகிறாளா? கேட்டார். ஆமாம், அம்மாவுக்கு அங்கே குளிர் ரொம்பப் பிடித்துவிட்டது, மாமியார் ஸ்வெட்டர் கூட வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அப்பாவுக்கு இது வலிக்கும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. பெர்னாட்டை அதுதான் அறுத்தது. மலை ஏறுகிற வழியில் பிள்ளை வாந்தி எடுத்தால் அதற்குப் பை இருக்கிறது, கம்பி இருக்கிறது. சமதரையில் இருக்கிற தாத்தா வீட்டுக்கு வருவதற்கு மட்டும் வாந்தி ஒரு காரணம்.

வண்டியைக் கீழே இறக்கி, பின்சக்கரங்களைப் பலகைக் கட்டை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். கடைசி இறுக்கு பாக்கி. அப்போது கேலப்பின் போன் அடித்தது. மருமகள். அவன் பேசிக்கொண்டே எழுந்தான்.

"நீங்களே இறுக்கிருங்கப்பா. நீங்க இறுக்குனா அது இறுக்குனதுதான் லா."

சொல்லிவிட்டு வேலிப் பக்கம் போய்விட்டான். பெர்னாட் அடியில் தனியாகக் கிடந்தார்.

தோட்டப் பட்டறையை மூடப்போகிறார்கள், வண்டிகளை வெளியே குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலத்தில், பட்டறையை மேற்பார்த்த மண்டோர் சேது ஆட்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். முழுசாக இறுக்கினால் வண்டி போய்விடும், அரைச் சுற்று விட்டு வைத்தால் நாலு நாளில் சத்தம் கேட்டுத் திரும்பி வரும், வண்டி வருகிற வரைக்கும்தான் நமக்கு வேலை என்றார். எல்லாரும் செய்தார்கள். பெர்னாட் ஒருத்தர்தான் மாட்டேன் என்று நின்றார். என் கையால் அது முடியாது என்று சொல்லிவிட்டு வந்து இசபெலிடம் பெருமையாகச் சொன்னார். பட்டறையை எப்படியும் மூடினார்கள், அது வேறு கதை.

வலது பக்கத்து நட்டுகளை அவர் வழக்கம்போல இறுக்கினார். இடது பக்கம் ஒன்றை இறுக்கினார். கடைசி நட்டைப் பிடித்து, இறுக்கி, பிறகு அரைச் சுற்று பின்னால் விட்டார். நைலான் வைத்த நட்டு, கழன்று விழாது, அதையும் யோசித்துக்கொண்டார். டக் டக் என்று சத்தம் வரும், வந்தால் பையன் கொண்டுவருவான். கொண்டுவந்தால் இன்னொரு தடவை நண்டு சமைக்கலாம். அறுபத்து மூன்று வயது ஆளுக்குப் புத்தி அப்படிப் போயிற்று. பாவம் என்று சொல்வதா, கேவலம் என்று சொல்வதா? இரண்டுமே பொருந்தும்.

கேலப் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மருமகள் சீக்கிரம் வரச் சொன்னாளாம். கட்டிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரம் முழுக்க பெர்னாட் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மகனைக் கூப்பிட்டு வண்டி எப்படி என்று கேட்டார். சூப்பராக இருக்கிறது, சாயவே இல்லை என்றான். சத்தம் ஒன்றும் இல்லையே? ஒன்றும் இல்லை. பெர்னாட்டுக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை இசபெல் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினாள். தாப்பாவில் ஏதோ கடை, பேத்தி கையில் மைலோ. அடுத்த மாதம்தான் போவார்கள் என்று அவர் நினைத்திருந்தார். கம்பி மாட்டிய ஆசையில் இப்போதே கிளம்பிவிட்டார்கள். மேலே ஏறப்போகிறோம் என்று எழுதியிருந்தாள்.

பெர்னாட்டுக்கு அந்த நட்டுதான் ஞாபகம் வந்தது. கழன்று விழாது என்று அவருக்குத் தெரியும். அந்த மாதிரி நட்டு விழுந்து அவர் பார்த்ததே இல்லை. ஆனால் மலைப்பாதை, ஒரு பக்கம் பள்ளம், உள்ளே பிள்ளையும் இசபெலும். அவளைக் கூப்பிட்டார். இடது பக்க நட்டைப் பார்க்கச் சொல் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் போனை எடுத்தாள். பின்னால் பேத்தி பாடுகிற சத்தம் கேட்டது. ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது?

"அங்க குளிரா?" என்று கேட்டார்.

இன்னும் மேலே போகவில்லையே, அதற்குள் எங்கே குளிர் என்று அவள் சிரித்தாள். அவர் போனை வைத்துவிட்டார். மனைவியும் பேத்தியும் இருக்கிற வண்டியைவிட அந்த நேரத்தில் அவருக்கு அவர் மானம் பெரிதாக இருந்தது. அன்று முழுக்க அவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தார், கடவுளிடமும் நட்டு என்ற பேச்சை எடுக்க வாய் வரவில்லை. சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று செய்தி வந்தபிறகுதான் மூச்சு விட்டார்.

அடுத்த வார ஞாயிறு அவர் கூப்பிடாமலே கேலப் வந்தான். இசபெலும் வந்தாள். எத்தனை நாளாக வேண்டிக்கொண்டது! ஆனால் மகன் இறங்கிய விதமே சரியில்லை. சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவன் மாதிரி மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

மலையில் பாதி வழியில் சத்தம் வந்ததாம். தானா ராத்தாவில் ஒரு பட்டறையில் காட்டினானாம். ஒரு நட்டு சரியாக இறுக்கவில்லை என்று அந்த ஆள் சொல்லி, அவனே இறுக்கிக் கொடுத்தானாம். யார் மாட்டியது என்று கேட்டானாம்.

"எங்கப்பான்னு சொன்னேன். வயசாய்ருச்சு, கைக்கு பலம் இல்லன்னு சொன்னேன்," என்றான் கேலப். "நான்தான்பா கூட இருந்து பாத்திருக்கணும். உங்க மேல தப்பு இல்ல."

இனி அக்கம்பக்கத்துக்காரர்கள் மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் தொடாதீர்கள், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் வம்பு என்றான். ஸ்பானர் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். கை நரம்பைக் காட்ட டாக்டரிடம் கூட்டிப்போவதாகவும் சொன்னான். எல்லாம் அன்பாகத்தான் சொன்னான். பெர்னாட்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"வேணும்னுதான் விட்டேன்," என்றார்.

கேலப் அவர் முதுகைத் தடவினான். "சரிப்பா. பரவால்ல."

"டேய், நெசமாத்தான்டா. அரைச் சுத்து விட்டேன். நீ திரும்பி வருவேன்னுதான்."

மகன் தன் அம்மாவைப் பார்த்தான். பார்த்தீர்களா, ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று அந்தப் பார்வை சொன்னது. பெர்னாட்டும் இசபெலைத்தான் பார்த்தார். சேது மண்டோரின் வித்தை அவளுக்குத் தெரியும். என் கையால் முடியாது என்று அவர் பீற்றிக்கொண்டதும் அவளிடம்தான். உலகத்திலேயே அவருக்குச் சாட்சி சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். நீ சொல்லு என்றார்.

இசபெல் அவரை நன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது. பிறகு அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்ச காலமாவே அவருக்குக் கைப்பிடி இல்லடா. உங்கிட்ட சொல்லிக்கல," என்றாள்.

கேலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். அவள் பக்கத்தில் வந்தாள். தாழ்ந்த குரலில், கோபமாகச் சொன்னாள்.

"பாப்பா அந்த வண்டியில இருந்துச்சு. போன் அடிச்சு, குளிரான்னு கேட்டீங்களே. தெரிஞ்சா அவன் இந்த வாசல மிதிப்பானா? முடியாதவருன்னு நெனச்சுக்கட்டும். அப்பயாச்சும் வருவான்."

நீ என்ன நினைக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

கேலப் திரும்பி வந்து அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து வலது கையை நீட்டினான். டாக்டர்கள் இப்படித்தான் பார்ப்பார்களாம்.

"எங்கையப் புடிச்சு அழுத்துங்கப்பா. எவ்வளவு முடியுதோ அவ்வளவு."

பெர்னாட் மகனின் கையைப் பிடித்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது பிடித்தது, அதற்கப்புறம் பிடித்த ஞாபகம் இல்லை. அழுத்தியிருந்தால் அவன் அலறியிருப்பான். பெர்னாட் விரல்களைத் தளர்த்தி, சும்மா வைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானாப்பா?"

"இவ்வளவுதாம்பா," என்றார்.

கேலப்புக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் வாராவாரம் வருகிறேன் என்றான்.