செவிடன் போட்ட பந்து

நம் தேசியக் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுத ஒரு போஸ்ட்கார்டு போதும், அதிலும் பாதி காலியாகவே இருக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை. துறைமுகத் தொழிலாளிகளும் தீயணைப்புப் படையினரும் சேர்ந்து தொடங்கிய அணி அது. தொடங்கிய காலத்திலிருந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற முயன்றது. முயன்ற ஒவ்வொரு தடவையும் மண்ணைக் கவ்வியது. ஒருமுறை பனியன் பெட்டி வேறு விமானத்தில் ஏறிப்போய்விட, எதிரணியிடமே பனியன் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்த் தோற்றார்கள். இப்படிப்பட்ட அணிக்கு ஒரே ஒரு தடவை வெற்றி வாசல்வரை வந்தது. அதை விரட்டியடித்தவன் என்று பெயர் வாங்கியவனைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவனை நாடே 'செவிடன்' என்று கூப்பிட்டது. காது என்னவோ நன்றாகத்தான் கேட்கும். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இவன் திரும்பிப் பார்ப்பான்.

நடந்தது இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். நம் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஆட்டம் முடியச் சில வினாடிகளே பாக்கி. பந்து இவன் கையில். அதை அணைத்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்தாலே போதும், மணி அடித்திருக்கும். அந்த நேரம் பார்த்து, கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் "விடு, விடு" என்று கத்தினார். கூடையைப் பார்த்து விடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இவன் பந்தை விட்டான். அது வளையத்தில் பட்டுத் துள்ளியது. எதிரணிக்காரன் பிடித்தான், ஓடினான், போட்டான். நாம் தோற்றோம்.

அன்று மாலையே பயிற்சியாளர் பத்திரிகைகளுக்கு விளக்கம் கொடுத்தார். கூடையை விட்டுவிடு, பந்தை வைத்துக்கொள் என்ற அர்த்தத்தில்தான் தான் கத்தியதாகவும், பையனுக்குத் தப்பாகக் கேட்டுவிட்டது என்றும் சொன்னார். நியாயமாகத்தான் இருந்தது. முன்னிலையில் இருக்கும்போது எந்த மடையன் பந்தைப் போடச் சொல்வான்?

வெளியாள் யாராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பயிற்சியாளர் இவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மாமியார் வீட்டில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டிய உறவு. அந்த வீட்டில் 'விடு' என்ற வார்த்தைக்கே தடை வந்துவிட்டது. ஒருநாள் இவன் மனைவி மறந்துபோய் மகளிடம், "பூனை வாலை விடு" என்று சொல்ல, மேஜையைச் சுற்றி எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பூனைக்குக்கூட விஷயம் தெரியும்போல, அதுவும் நழுவிவிட்டது.

இவனுக்குக் குடிநீர் வாரியத்தில் புகார் தொலைபேசியை எடுக்கும் வேலை. கேட்க வேண்டுமா? குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிடுகிறவன், "யாரு, செவிடரா? அப்ப சத்தமாச் சொல்றேன்" என்று காதைக் கிழிப்பான். அதையெல்லாம் இவன் பொறுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் மகளை 'செவிடன் பொண்ணு' என்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய கேடு கைக்கு வந்தது. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பந்து உள்ளே விழும். ஆட்டம் இறுகிவிட்டால் போதும், சரியாகத்தான் கேட்டோமா, சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று மனசு குடைய ஆரம்பித்துவிடும். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவன் மாதிரி பந்தைப் பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிடுவான். போதாக்குறைக்கு முழங்காலும் தேய்ந்துவிட்டது. இப்போது மறுபடி வந்திருக்கும் இந்தத் தகுதிச் சுற்றோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். இந்தத் தடவையும் தோற்றால் சாகும்வரை அவன் செவிடன்தான். தேர்வுக்குழு அவன் பெயரை அடிக்கப் பார்த்தபோது, பயிற்சியாளரான மச்சான்தான் ஒற்றைக்காலில் நின்று அணியில் சேர்த்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, இவனுக்கும்தான்.

கடைசி ஆட்டம் சொந்த மண்ணில் நடந்தது. அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முதல் பாதியில் நம் ஆட்கள் அடித்த அடியில் எதிரணி மூச்சு வாங்கியது. இரண்டாம் பாதியில் அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் நாம் ஒரு புள்ளி பின்னால். ஒரு தடவை கூடையில் போட மட்டும்தான் நேரம் இருந்தது. மச்சான் இடைவேளை கேட்டார்.

ஆட்டக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மச்சான் பலகையில் எதுவும் வரையவில்லை. மார்க்கரை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். வியர்த்து வழிந்த முகத்தோடு இவனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் பந்தைப் போடச் சொல்லித்தான் கத்தினேன். மூணு புள்ளி வித்தியாசம் வந்துட்டா நிம்மதின்னு ஒரு பேராசை. தோத்ததும் பயந்துட்டேன், அர்த்தத்தை மாத்திட்டேன். உனக்குச் சரியாத்தான் கேட்டுது."

இவனுக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாமா என்று வந்தது. தோற்ற அன்றைக்கு அவரிடமே போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டவன் இவன். 'சரி சரி, சாப்பிடு' என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மகானுபாவர் அவர்.

"இதைச் சொல்ல நாலு வருஷமா வாய் வரலியா மச்சான்?"

"வரல. கோழைடா நான். இப்ப பந்து உன் கைக்குத்தான் வரப்போகுது. அந்தக் கை நடுங்கக் கூடாது."

அணியிலேயே உயரமானவனை எல்லோரும் கொக்கு என்பார்கள். அவன் இவன் தோளைத் தொட்டு, அவரை அடிப்பதாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் அடிக்கலாம், தானும் கூட வருகிறேன் என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விசில் ஊதினார்கள். மைதானத்துக்குள் காலை வைத்தபோது உடம்பு லேசாக இருந்தது. தேய்ந்த முழங்கால்கூட வலிக்கவில்லை. எனக்குச் சரியாகத்தான் கேட்டது, எனக்குச் சரியாகத்தான் கேட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான்.

பந்து வந்தது. எதிரே நின்ற தடுப்பாட்டக்காரன் நெருங்கி வரவில்லை. இவன் போடமாட்டான், பக்கத்தில்தான் தள்ளுவான் என்று அவர்கள் பாடம் படித்து வைத்திருந்தார்கள். அவன் கண் கொக்கின் பக்கம் போனது. இவன் நின்ற இடத்திலேயே எம்பிப் போட்டான். பந்து வளையத்தைத் தொடவே இல்லை, வலையை மட்டும் உதறிவிட்டு நேராக உள்ளே இறங்கியது. மணி அடித்தது.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! தீயணைப்புப் படையிலிருந்து வந்திருந்த கிழட்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கொக்கு இவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். தோற்பதற்கென்றே பிறந்த அணி உலகக் கோப்பைக்குப் போகிறது!

கீழே இறக்கியதும் மைக்கை நீட்டி, கடைசி இடைவேளையில் பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். இவன் மச்சானைப் பார்த்தான்.

"அதை அவர்தான் சொல்லணும்" என்று மைக்கை அவர் கையில் கொடுத்தான்.

நன்றாக ஆடச் சொன்னேன் என்று அவர் ஒரு வரியில் முடித்திருக்கலாம். முன்வரிசையில் தங்கை நிற்பதை ஒரு தடவை பார்த்தார். நாலு வருஷப் பொய்யை நாடு முழுக்கக் கேட்கச் சொல்லி முடித்தார். பிறகு எங்கோ ஒரு மூலையில் ஊளைச் சத்தம் கிளம்பியது. இவன் மச்சானின் கையைப் பிடித்து மேலே தூக்கினான். ஊளை அடங்கி, கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மனைவி தடுப்பைத் தாண்டி ஓடி வந்தாள். முதலில் அண்ணன் முதுகில் ஓர் அறை விட்டாள். அம்மாவிடம் சொல்கிறேன் இரு என்று மிரட்டினாள். தலைநரைத்த மனிதர், அதற்குத்தான் உண்மையில் நடுங்கினார். பிறகு இவன் பக்கம் திரும்பியவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரு சொன்னதை நானும்தாங்க நம்பினேன். உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்குமோன்னு ஒரு நாள்கூட நினைச்சுப் பாக்கலயே."

அவன் சிரித்தபடி அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"நானே நம்பிட்டேனே, உன்னைச் சொல்லி என்ன?"

சொல்லி முடித்ததும் அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.