லெனோராவை விற்க மாட்டேன்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் எங்கள் ஊர்ப் படகுத்துறையில் காப்பிக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் டுவைட் ஆலி தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"லெனோராவை விக்க மாட்டேன்! எத்தனை தடவ சொல்றது? இப்பதான் அவளுக்குப் புது இன்ஜின் வெச்சேன்!"

மறுமுனையில் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்து அம்மாள். இங்கே படகுக்கு மகள் பெயர்தான் வைப்பார்கள் என்பது அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? பாவம், வெலவெலத்துப் போயிருப்பார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'டிசம்பர் மாதத்துக் கடல் சாம்பல் நிறத்தில்...' வேண்டாம், கடலை விட்டுவிடுவோம். அடுத்தது: 'லெனோரா ஓர் ஏழை வீட்டு அறிவாளிப் பெண், அவளுடைய கண்களில்...' இதைப் படித்தால் அவளே என்னை உதைக்க வருவாள்.

நேராகவே சொல்கிறேன். லெனோராவுக்குப் பதினேழு வயது. அப்பா சிங்கி இறால் பிடிப்பவர். இவளுக்குக் கடலடி மண்ணைப் பற்றிப் படிக்க ஆசை. அதற்கென்று மனதில் வைத்திருந்தது ஒரே ஒரு கல்லூரி. [பெயர் சொல்ல மாட்டேன். நூறு பேர் கேட்டால் ஏழெட்டுப் பேருக்கு இடம் தரும் ரகம்.]

பள்ளி ஆலோசகர் மிஸஸ் ப்ரூவிட் சொன்னார்: "முன்கூட்டியே விண்ணப்பம் போட்டா இடம் கிடைக்கிற வாய்ப்பு ரெண்டு மடங்கு, கண்ணு. ஆனா கிடைச்சா போயே ஆகணும். வேற எவன் எவ்வளவு உதவி தர்றான்னு ஒப்பிட்டுப் பாக்க முடியாது. உதவி போதலன்னா மட்டும் விலகிக்கலாம்."

"அதான் 'முழுத் தேவையையும் ஈடுகட்டுவோம்'னு போட்டிருக்காங்களே, மிஸ்!"

முன்கூட்டியே விண்ணப்பித்தாள்; அந்தத் 'தேவை'யில்தான் ஏமாந்தாள். தேவை இவளுடையதுதான். ஆனால் அது எவ்வளவு என்று சொல்வது கல்லூரி.

3

இடம் கிடைத்தது! டுவைட் சமையலறையில் ஆடிய ஆட்டத்தில் நாய் மிரண்டு... [நாயை நீக்கிவிட்டேன். அவர்களிடம் நாயே கிடையாது.] பிறகு லெனோரா உதவித்தொகையைப் பார்த்தாள். எதிர்பார்த்ததில் பாதிதான்.

"ப்பா, நாம பணக்காரங்களாம்."

"அப்படியா! உங்கம்மாட்ட சொல்லு, சந்தோஷப்படுவா."

"படகு இருக்குல்ல, அதை சொத்துன்னு எழுதிட்டாங்க."

"படகு இல்லாம நான் என்ன, நீந்திப் போயா இறால் பிடிப்பேன்?"

சிரித்தார்கள். மறுநாள் காலைதான் டுவைட் துறையில் நின்று அப்படிக் கத்தியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றியபடியே மகளிடம், "நீ சொன்னா வித்துடறேன்டா" என்றார்.

இந்த இடத்தில் டுவைட்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் ஊரே கேட்கக் கத்தியவர் சாயங்காலம் இப்படிப் பேசுவாரா? அந்த வரியை அடித்தேன். எழுதினேன். மறுபடி அடித்தேன். எப்படி மாற்றினாலும் அந்த மனிதர் அதையேதான் சொல்கிறார். எனக்கும் மகள் இருக்கிறாள், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

4

முடிவுக்கு வருவோம். படகை விற்கிறார் என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் லெனோரா சம்மதிக்க மாட்டேன் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த முடிவு, கல்லூரி மனம் மாறுகிறது: 'மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்து...' சே, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது முடிவு, விலகிக்கொண்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். நல்ல இடம்தான், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்காமல் போக அவளுக்கு மனசில்லை.

அதனால் அவளே தொலைபேசியை எடுத்தாள். அவள் பேசியது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. மறுமுனை நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் உட்காருங்கள்.

"மேடம், நீங்க சொல்றபடி படகை வித்து முதல் வருஷத்துக்குக் கட்டிடறோம். அப்புறம் எங்கப்பாவுக்குத் தொழிலே இல்ல. அடுத்த வருஷம் நாங்க நிஜமாவே ஏழை. அப்ப முழு உதவியும் குடுப்பீங்கதானே? அதை இப்பவே குடுத்தா என்ன, மேடம்?"

அவள் காத்திருக்கிறாள். பேசுங்கள்.