உயிரோடு ஒன்று, காய்ந்தது ஒன்று

தெருவே பனிக்காரர் என்று அழைக்கும் அந்தத் தாவர ஆய்வாளர், இருபத்திரண்டு வருடமாக ஈரல்பாசியோடுதான் குடித்தனம் நடத்தினார். மனைவியோடு நடத்தியது பகுதிநேரம். ஈரல்பாசி ஒன்றும் பெரிய மனுஷியல்ல. பனி உருகி வழியும் பாறைகளில் பச்சையாய் ஒட்டிக் கிடக்கும் பொடிச் செடி. மிதித்தவர்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அதில் ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்து, மனைவியின் பெயரையே சூட்டியிருந்தார். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த அம்மாள் சும்மா இருப்பாரா? மருந்துக்கடை, தையல்கடை எல்லாம் சொல்லியாயிற்று. பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர்கூடத் தப்பவில்லை.

புதன்கிழமை மைத்துனி வந்தாள். அவர் வேலை பார்க்கும் தாவரக் காப்பகத்திலேயே நுண்ணோக்கிக்குக் கண்ணாடித் தகடு தயாரிப்பவள். கட்டுரையின் அச்சுப்படி அவள் கையில் இருந்தது.

"மாமா, பழைய இனத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இந்த எண்ணெய்த் துளி மட்டும்தானா?"

"மட்டும்தானாவா? புதுசுல செல்லுக்கு ஏழெட்டு, திராட்சைக் குலை மாதிரி மின்னுது. பழசுல ஒண்ணுகூடக் கிடையாது."

"பழசை எதுல பார்த்தீங்க?"

"மூல மாதிரியில. நூத்திப்பத்து வருஷம் முன்னாடி, அதுக்குப் பேரு வச்சப்பவே அட்டையில ஒட்டினது. அதைவிட ஆதாரம் வேணுமா?"

"புதுசை?"

"பாறையிலேர்ந்து எடுத்த கையோட."

மைத்துனி இரண்டு பதிலையும் அச்சுப்படி ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினாள். அவளிடம் அவருக்குப் பிடிக்காத குணமே அதுதான்.

"செடி காஞ்சா எண்ணெய்த் துளி போயிடுமே மாமா."

இதை அவர் முதலாண்டு மாணவர்களுக்கு வருடா வருடம் நடத்துகிறார். அன்றைக்கு அவர் மட்டும் வகுப்புக்கு மட்டம் போட்டிருப்பார் போலும்.

காப்பகத்தின் குளிர் அறையில், பழைய இனம் ஒரு டப்பாவில் உயிரோடு இருந்தது. மைத்துனிதான் தண்ணீர் தெளித்து வந்தாள். இரண்டு வருடமாக அதைக் கடந்துதான் அவர் தன் மேல்கோட்டை மாட்டுவார். ஓர் இலையைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தார். செல்லுக்கு ஏழெட்டு. நுண்ணோக்கியை மாற்றினார். அதிலும் ஏழெட்டு. திராட்சைக் குலைகள் அவரைப் பார்த்துப் பல்லிளித்தன.

"நாம ரெண்டு பேரும் சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மெதுவாக.

"அடுத்து எவனாவது உயிரோட வச்சுப் பார்ப்பான். அப்ப நாறப்போறது அக்கா பேருதான்."

அது வேலை செய்தது. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே அனுப்பிவிட்டு, தைரியத்துக்கு மைத்துனியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி எல்லாம் கேட்டார். முதல் கேள்வி தங்கையைப் பார்த்து வந்தது.

"என் பேரை எடுத்துட்டு உன் பேரை வைக்கப்போறாரா?"

"அந்த இனமே இல்லக்கா! ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லாத ஒண்ணுக்கா மூணு வருஷம் பனியில நின்னாரு? நான் தெருவுல என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பேன்?"

பனிக்காரர் தரையைப் பார்த்தார். பாறைகளைப் பார்த்துப் பழகிய கழுத்து, தானாகவே குனிந்தது. மனைவி சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டார்.

மறுநாள் காலை மருந்துக்கடையில் புதுச் செய்தி கிளம்பியது: "ரெண்டு இனம்னு ஊரே நம்பிட்டிருந்துச்சு. இல்ல, ஒண்ணுதான்னு எங்க வீட்டுலதான் கண்டுபிடிச்சாங்க!"

ஊர் என்றால் யார் யார் என்று மருந்துக்கடைக்காரர் கேட்கவில்லை. பட்டியல் நீளமெல்லாம் இல்லை, பனிக்காரர் ஒருத்தர்தான்.